மூன்றாம் செம்புக்குப் பேசிய கிடா

ஆனி மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை விட்டுப் புறப்பட்டேன். நேரத்தை என் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொல்கிறேன். முதல் நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் தொங்கும் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் ஊரே பஸ் பிடிக்கிறது.

போன ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொடும்பாளூரில் இறங்கி மாட்டுவண்டியில் மூன்று மைல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

பையில் ஒரு புடவை, ஒரு ஜபமாலை, என் சிநேகிதி செல்லம்மாளின் கடிதம். அவளும் நானும் டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இரண்டு பேர் வீட்டிலும் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் நாங்கள்தான். எனக்குப் புதுக்கோட்டையில் போன வருஷமே வேலை கிடைத்தது. அவளுக்கு இப்போதுதான். கடிதம் இவ்வளவுதான்:

"தங்கம், ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது. குளத்தூர்ப் பெண்கள் பள்ளி. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேரவேண்டும். சாமி உத்தரவும் வந்தால்தான் அனுப்புவேன் என்று மாமா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலில் கிடா பேசும். பேசினால் குளத்தூர். பேசாவிட்டால் ஆவணியில் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் தேவலை."

'கிடா பேசும்' என்ற இடத்தை நாலு தரம் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. செல்லம்மாள் பிழை விடுகிறவளும் இல்லை. சந்தையில் ஒரு தரம் இரண்டணா டிக்கெட்டில் பேசும் தலை பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு மேல் ஒரு மனிதத் தலை மட்டும் இருந்து ஜோசியம் சொல்லும். கீழே கண்ணாடி வைத்து உடம்பை மறைத்திருந்ததைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொன்னவள் நான்தான். ஆகவே கிடாவுக்குப் பின்னால் எவன் உட்கார்ந்து பேசுகிறான் என்று பார்த்துவிடுவது என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதே வாரம் எனக்கு இன்னொரு மிருகத்தோடும் வழக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எடுக்கிறேன். அன்றைக்கு எடுத்தது வேதத்தில் வரும் கழுதையின் கதை. கூலிக்குச் சாபமிடப் போகிற ஒரு தீர்க்கதரிசியைக் கழுதை சுமந்துபோகிறது. வழியில் சர்வேசுரனின் தூதரான சம்மனசானவர் வாளோடு நிற்பது அதன் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை. அது ஒதுங்க, இவர் அடிக்க, மூன்றாம் தரம் அடித்ததும் சர்வேசுரன் அதன் வாயைத் திறந்துவிடுகிறார். உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கழுதை கேட்கிறது. நான் இந்த இடத்துக்கு வந்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "கழுதை தமிழ்லயா டீச்சர் பேசுச்சு?" என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று மணியடித்துவிட்டேன். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, "தேவ வல்லமைம்மா, அதுல என்ன கேள்வி?" என்றார். கிடா பேசுவது புரட்டு என்றும் கழுதை பேசியது வல்லமை என்றும் ஒரே வாரத்தில் இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

கொடும்பாளூருக்கு இருபத்திரண்டு மைல் சொச்சம். கண்டக்டர் பன்னிரண்டு அணா என்று சொல்லி எழுபத்தைந்து நயா பைசா வாங்கினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எண்ணிப் பார்த்தேன்.

"எண்ணுங்க டீச்சர், நல்லா எண்ணுங்க. புதுக் காசு வந்ததுலேருந்து எங்கள எவன் நம்புறான்?" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார்.

இரண்டே முக்காலுக்கு அன்னவாசல். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் மடியில் ஒரு கூடை வெற்றிலை வைத்திருந்தாள்.

"எங்கிட்டுப் போறீங்க?"

ஊரைச் சொன்னேன்.

"கருப்பர் கோயில் கிடாவுக்கா? போங்க, போங்க. போன வருசம் ரெண்டாஞ் செம்புக்கே பேசிருச்சு."

"நீங்கள் காதால் கேட்டீர்களா?"

"கேக்குறதா?" என்று அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணால பாத்தேன்."

பேச்சைக் கண்ணால் பார்த்த சாட்சி! என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இலுப்பூரில் அவள் இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

நாலு மணி இருபது நிமிஷத்துக்குக் கொடும்பாளூர். செல்லம்மாள் வீட்டு வண்டியோடு சுப்பையா என்ற வண்டிக்காரர் காத்திருந்தார். வழியில் மூவர் கோயிலைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், நிற்பது இரண்டுதான்.

"மூணாவது எங்கே?"

"இருந்துச்சுங்க. அடிக்கல்லு மட்டும் கெடக்கு. மூவர்னு பேரு வச்சாச்சு, அதுக்காகப் பேர மாத்த முடியுமா?" என்றார்.

மேல்காற்று புழுதியை வாரி இறைத்தது. குடையை முன்னால் பிடித்துக்கொண்டு, கிடாவைப் பற்றி நேராகவே கேட்டேன். என்ன குரலில் பேசும், ஆண் குரலா பெண் குரலா? சுப்பையா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"டீச்சரம்மா, கிடா வாயாலயா பேசும்? அது ஒடம்பால பேசும். மூணு செம்பு மஞ்சத்தண்ணி தலையிலேருந்து வால் வரைக்கும் ஊத்துவாங்க. ஒடம்ப ஒரு குலுக்குக் குலுக்கித் துலுக்குச்சுன்னா கிடா பேசிருச்சுன்னு அர்த்தம். சாமி உத்தரவு குடுத்துருச்சு. மூணு செம்புக்கும் சும்மா நின்னுச்சுன்னா உத்தரவு இல்ல. ஒங்க ஊருல இல்லையா?"

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். மாதா கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைத் திருவிழாவில் ஏலம் போடுவார்கள். அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்களைப் போன்ற வேதக்காரர்கள் கருப்பர் பூசையைப் பார்க்கவே கூடாது என்று கட்டளை. துலுக்குவதைப் 'பேசுவது' என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெற்றிலைக்கார அம்மாளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"கழுகு பேசலையா?" என்றார் சுப்பையா, மாட்டைத் தட்டிவிட்டு. "சீதையத் தூக்கிட்டுப் போனப்ப கழுகுதான குறுக்க விழுந்துச்சு? றெக்கைய வெட்டிட்டான். கெடந்த கெடையில சேதியச் சொல்லிட்டுச் செத்துச்சு. பேசுனதுக எதுதான் பொழைச்சுச்சு?"

எங்கள் வேதத்திலும் தோட்டத்தில் பேசிய பாம்பு கால் இழந்து வயிற்றால் நகர்ந்தது. கழுதை அடி வாங்கிய பிறகுதான் பேசியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அடுத்துச் சொன்ன விஷயம் என் காதைப் பிடித்து இழுத்தது.

"இந்தக் கிடாவ ஒரு வாரமாப் பெரியவரு கெணத்தடியிலயே கட்டிவச்சுத் தெனமும் மூணு வேள குளிப்பாட்டுறாரு. சுத்தமா இருக்கணுமாம். எம் புள்ளைங்களுக்குக்கூட அம்புட்டுக் குளிப்பு இல்ல."

பெரியவர் என்றது செல்லம்மாளின் தாய்மாமனை. ஆடு மேய்த்துத்தான் என் அப்பா எனக்கு ஸ்லேட்டு வாங்கினார். ஆடு எனக்குத் தெரியும். முதல் மழைக்குத்தான் துலுக்கும். நாலாம் நாள் மழையில் கல் மாதிரி நிற்கும். ஒரு வாரம் தண்ணீரில் பழகிய கிடா மூன்று செம்புக்கா துலுக்கப்போகிறது?

ஐந்தே முக்காலுக்கு வீடு சேர்ந்தோம். மாமா வாசலுக்கே வந்து குடையை வாங்கிக்கொண்டார். நெடிய ஆள், மீசை நரைத்தவர், மரியாதை தெரிந்தவர். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. காப்பி குடித்து முடிந்ததும் செல்லம்மாளின் உத்தரவை எடுத்து வரச் சொல்லி, "நீங்க படிங்க டீச்சர், அவ படிச்சா வேகமாப் படிச்சுருவா" என்றார். படித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல செத்துப்போன அவ அப்பன் பேரு இருக்கு. பன்னெண்டு வருசமாச் சோறு போட்ட எம் பேரு இல்ல" என்றார். காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

"நீங்க வேதக்காரங்கதான?"

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் கிடாவுக்குப் பக்கத்துலயே நில்லுங்க. எங்க ஆளுங்க நின்னா அவன் இப்புடிச் சொன்னான், இவ அப்புடிச் சொன்னான்னு வரும். ஒங்க ஆளுங்க பொய்யின்னாச் சாமியார்கிட்டப் போய்ச் சொல்லணுமாமுல்ல."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போனேன். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மாமா வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அது அசை போட்டது. காதில் மட்டும் படாமல் ஊற்றினார். நேராகச் சமையலறைக்கு வந்தேன். செல்லம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தரையில் உட்கார்ந்து கிடாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். வேப்பிலைக்கு நடுவில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். நேற்றிலிருந்து அந்த அம்மாள் என்னிடம் பேசியது "சாப்புடுங்க" என்ற ஒரு சொல்தான்.

"இந்தக் கிடா பேசாது" என்றேன். "பேசாதபடி பண்ணியாச்சு. நான் சபையிலே சொல்லப்போகிறேன்."

செல்லம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "சொன்னா என்னா ஆகும் தெரியுமா? சாமிக்குக் குளிப்பாட்டுனதக் குத்தம் சொன்னாங்கன்னு பேசி, வேதக்காரியக் கூட்டிட்டு வந்தேன்னு என்னைய ஏசி, கிடாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், தாலியக் கட்டுன்னுருவாங்க. நீ வாய மூடிட்டு நில்லு தங்கம், போதும்."

"பின்னே எதற்கு என்னை வரச் சொன்னாய்?"

"பயமா இருந்துச்சு. அதுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. படித்ததெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "காதுக்குள்ளே ஒரு சொட்டுப் போனால் எந்த ஆடும் துலுக்கும். உன் மாமாவுக்கு அது தெரியும். அதனால்தான் காதைத் தொடக்கூடாது என்று அவர் அவ்வளவு கவனமாக இருக்கிறார்" என்று ஆட்டு சாஸ்திரத்தை முழுக்க எடுத்துச் சொன்னேன். கெட்டிக்காரத்தனத்தை வேறு எங்கே காட்டுவது? மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்: "டீச்சர் வீட்டுல ஆடு உண்டா?"

"பதினாறு இருந்தது" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு நார் கிழித்தாள்.

ஏழரைக்குப் புறப்பட்டோம். கருப்பர் கோயில் ஊருக்கு வடக்கே இரண்டு பர்லாங்கு, கண்மாய்க் கரையில். கோயில் என்றால் கூரை கிடையாது. ஓர் ஆலமரம், நட்டுவைத்த அரிவாள்கள், இரண்டு மண் குதிரைகள். நூறு பேருக்குமேல் இருந்தார்கள். ஆண்கள் மரத்தடியில், பெண்கள் கரைமேல். என்னை மட்டும் மாமா கிடாவுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினார். செல்லம்மாள் கரைமேல் நின்றாள். கையில் உத்தரவுக் கவரை மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

ஒன்பது மணி பத்து நிமிஷம். பூசாரி விஷயத்தைச் சாமிக்குச் சொன்னார். "புள்ள வேலைக்குப் போறது ஒனக்குச் சம்மதமுன்னா கிடா பேசணும், இல்லையின்னா வேணாம்." பிறகு முதல் செம்பு. தண்ணீர் முதுகில் ஓடி வால் நுனியில் சொட்டியது. கிடா அசை போட்டது. பூசாரி பத்து எண்ணுகிற நேரம் காத்திருந்தார்.

இரண்டாம் செம்பு. கிடா ஒரு காலை மாற்றி வைத்தது, அவ்வளவுதான்.

"சாமி யோசிக்குது" என்றார் யாரோ. "கிடா யோசிக்குதுப்பா" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்து அடங்கியது. மாமா சிரிக்கவில்லை. நான் வாயைத் திறக்கத்தான் போனேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் கரைமேலிருந்து செல்லம்மாளின் அம்மா இறங்கி வந்தாள்.

"அண்ணே, மால போட மறந்துட்டோம்."

மாமா திரும்பிப் பார்த்தார். மாலை போடாமல் கேட்டது குறைதான் என்று பூசாரியே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் குனிந்து கிடாவின் கழுத்தில் மாலையைப் போட்டாள். கொம்பில் சிக்கியதை எடுத்துவிட்டாள். மாலையிலிருந்த பழங்களில் ஒன்று வெட்டிய பாதி. அதை நான் பார்த்தேன். கிடாவின் காதுக்கு நேர் மேலே, விரல்களுக்குள் அது ஒரு கணம் நசுங்கியது. அவள் நிமிர்ந்து விலகவும் பூசாரி மூன்றாம் செம்பை ஊற்றவும் சரியாக இருந்தது.

கிடா துலுக்கியது. இரண்டு காதும் படபடவென்று அடிக்க, மஞ்சள் தண்ணீர் பூசாரியின் முகத்திலும் என் புடவையிலும் தெறித்தது. நின்று, மறுபடியும் துலுக்கியது. கரைமேல் குலவை எழுந்தது. என் கடிகாரக் கண்ணாடிமேல் ஒரு துளி விழுந்திருந்தது. துடைத்த விரலில் எலுமிச்சை வாசம்.

மாமா கையைத் தூக்கினார். குலவை நின்றது.

"டீச்சர், நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. மால போட்டப்பக் காதுல கை பட்டுச்சா?"

அத்தனை கண்களும் என்மேல். அந்த அம்மாள் மட்டும் என்னைப் பார்க்காமல் கிடாவைப் பார்த்தாள். வந்தது புரட்டைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தும் ஆகிவிட்டது, இரண்டு புரட்டுகளை. பேசும் தலையின் கண்ணாடியைச் சந்தையில் சத்தம்போட்டுச் சொன்னவளுக்கு இங்கே குரல் வர நேரமாயிற்று.

"கை படலைங்க" என்றேன்.

கை படவில்லை, அது சத்தியம்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, கிடாவின் முகத்தையும் காதையும் மெதுவாகத் துடைத்தார். துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வியர்வை துடைத்தாரா, மோந்து பார்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கையின் பக்கம் ஒரு தரம் திரும்பினார்.

"சரி. உத்தரவு வந்துருச்சு. திங்கக்கெழம வண்டி கட்டச் சொல்றேன்."

அதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்றேன். பேசின கிடாவைத்தான் வெட்டுவார்கள். பேசாதிருந்தால் அவிழ்த்துவிட்டிருப்பார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பந்தி. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோஜனம், கறி ஆகாது என்றதும் யாரும் வற்புறுத்தவில்லை. செல்லம்மாளின் அம்மா எனக்கு மட்டும் தனியாகத் தயிர்ச்சோறு கொண்டுவந்தாள். பக்கத்தில் ஆளில்லாததைப் பார்த்து மெல்லக் கேட்டேன்.

"நீங்களே உங்கள் அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே, மகள் போகட்டும் என்று?"

"நானா?" அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஒரு வருசமாச் சொல்றேன் டீச்சர். கிடா ஒரு தடவதான் சொல்லுச்சு." ஊறுகாயை வைத்துவிட்டு, "நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதுவீங்களாமே, செல்லம்மா சொன்னா. எழுதுங்க. ஊரு பேரு மட்டும் வேணாம்" என்றாள். வாக்குக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு வண்டி. செல்லம்மாள் ஊர் எல்லைவரை கூட நடந்து வந்தாள். அவள் அம்மா செய்தது அவளுக்குத் தெரியுமா என்று முகத்தைப் பார்த்தேன். "கருப்பர் கைவிடலடி" என்று அழுதாள். ஆமாம் என்றேன். இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியவேண்டும் என்றால் அதுவும் நியாயமில்லை என்று, அச்சுக்கு அனுப்புமுன் அவளுக்குப் பிரதி அனுப்பினேன். "அனுப்பு. எலுமிச்சம்பழ வாசம் எனக்கும் அன்றைக்கே வந்தது" என்று ஒரு வரியில் பதில் போட்டாள். திங்கட்கிழமை ஒன்பது மணி ஐம்பது நிமிஷத்துக்குக் குளத்தூர்ப் பள்ளியில் கையெழுத்துப் போட்டதையும் அதில் எழுதியிருந்தாள்.

கொடும்பாளூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அதே கண்டக்டர். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டதைப் பார்த்து, "ஒடம்புக்கு என்ன டீச்சர்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கருப்பர் பூசையைப் பார்த்த பாவத்தைச் சொன்னேன். வேறு பாவம் உண்டா என்று சாமியார் கேட்டார். கொஞ்சம் யோசித்து, இல்லை என்றேன். அதையும் சேர்த்து அடுத்த மாதம் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசைச் சிறுமி மறக்காமல் எழுந்தாள். "டீச்சர், கழுதை எந்தப் பாஷையில பேசுச்சு?"

"தெரியாது" என்றேன். வகுப்பில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். வழி எது, சுவர் எது, அடி எத்தனை என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் கழுதைக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது முழுதாக இல்லை. இரண்டு வேலைக்காரர்கள் கூடப் போனார்களாம், பெயர் கிடையாது. வழியோரம் மாலை கட்டிக்கொண்டு எந்தப் பெண்பிள்ளையாவது உட்கார்ந்திருந்தாளா என்று தேடினேன். இல்லை. எழுதியவரும் யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம்.